சதுரங்களை அடுக்குவது யார்?

ஒரு பள்ளித் தாழ்வாரத்தில் பார்த்த சுவரோவியம் ரொம்ப நாளாக என் மனதைவிட்டுப் போகவில்லை. துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் குவில்ட் போர்வை மாதிரி, வண்ணத்தாள் சதுரங்களை வரிசை வரிசையாக ஒட்டிச் செய்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரிய நட்சத்திரம் தெரியும். கிட்டே போனால் ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு பிள்ளையின் கைவேலை தெரியும். கீழே ஒரு அட்டையில், வகுப்பு மாணவர்கள் அனைவரும் இணைந்து உருவாக்கியது என்று எழுதியிருந்தார்கள். அதைச் செய்வித்த ஆசிரியை சந்தோஷமாகவே சொன்னார்: "பிள்ளைங்க வீட்டுக்குப் போனப்புறம் நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து அடுக்கினோம். ஓரமெல்லாம் கோணல்மாணலா இருந்துச்சு, வெட்டிச் சரிபண்ணி ஒட்டினோம்." அவர் உழைப்பில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் அந்த அட்டையில் இருந்த 'இணைந்து' என்ற பகுதியை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பிள்ளைகள் தனித்தனியாக உட்கார்ந்து ஆளுக்கொரு சதுரம் செய்தார்கள். இணைத்தது பெரியவர்கள்.

தொடக்க வகுப்புகளில் கூட்டுச் சுவரோவியம் என்றால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. சதுரம் கொடுக்கிறோம், வாங்கிக்கொள்கிறோம், அடுக்குகிறோம், மாட்டுகிறோம். பிள்ளை மறுநாள் வந்து தன் சதுரம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறது. கண்டுபிடித்ததும் ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். பக்கத்துச் சதுரம் யாருடையது, ஏன் இது அதன் பக்கத்தில் வந்தது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. ஓவிய வகுப்பில் பல வருடங்களாகப் பிள்ளைகளோடு இருக்கிறேன். இந்த வேலையில் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயத்தில் பாதிக்கு மேல் அடுக்குவதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதைப் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் நாம் செய்து முடித்துவிடுகிறோம்.

குவில்ட்டின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளலாம். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கு. அமெரிக்காவில் துண்டுகளை ஒட்டி மேல்துணி தைப்பதைப் பெரும்பாலும் ஒரு பெண் தன் வீட்டில் தனியாகச் செய்வார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு பெரிய சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்தது மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதற்காக. கூட்டம் கூடியது சேர்க்கும் வேலைக்குத்தான். 1840களில் ஆல்பம் குவில்ட் என்று ஒரு வகை பரவலானது. ஒவ்வொருவரும் ஒரு சதுரம் தைத்து, அதில் தன் பெயரை எழுதிக் கொடுப்பார்கள். ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு, திருமணம் ஆகிறவர்களுக்கு அப்படிப்பட்டதைப் பரிசாகக் கொடுத்தார்கள். நம் வகுப்பறைச் சுவரோவியத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் என்றால் இதுதான்.

அளவு மட்டும் பொது

எதைப் பொதுவாக வைப்பது, எதைப் பிள்ளைகளிடம் விடுவது? இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான பதிலைச் சொன்னது எய்ட்ஸ் நினைவுக் குவில்ட். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் நகரின் நேஷனல் மால் என்ற திறந்தவெளியில் அதை முதன்முதலாக விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன. எய்ட்ஸால் இறந்தவர்களுக்காக அவர்களுடைய குடும்பத்தாரும் நண்பர்களும் தைத்தவை. ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி. கிட்டத்தட்ட ஒரு ஆளைப் புதைக்கும் குழியின் அளவு. எட்டுத் துண்டுகளைச் சேர்த்தால் 12 அடிக்கு 12 அடியில் ஒரு சதுரம் வரும். அளவில் மட்டும்தான் கண்டிப்பு. அதற்குள் சட்டையை ஒட்டலாம், பொம்மையைத் தைக்கலாம், கடிதம் எழுதலாம். முன்பின் பார்த்திராத ஆயிரக்கணக்கான பேர் செய்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நின்றதற்கு அந்த ஒரு அளவு போதுமாக இருந்தது.

வகுப்பிலும் விதி குறைவாக இருக்க வேண்டும், ஆனால் அந்த விதி கறாராக இருக்க வேண்டும். நான் வைத்துக்கொள்வது மூன்று. சதுரம் 20 சென்டிமீட்டர். ஒரே ஒரு மூலைவிட்டம். அதற்கு ஒரு பக்கம் அடர்நிறத் தாள், மறுபக்கம் வெளிர்நிறத் தாள். மற்றபடி எந்த நிறம், மேலே என்ன ஒட்டுவது, புள்ளியா, கோடா, இலையா, மீனா என்பதெல்லாம் அவரவர் விருப்பம். அடித்தளச் சதுரங்களைப் பிள்ளைகளை வெட்டவிடுவதில்லை, பேப்பர் கட்டரில் நானே வெட்டிக் கொடுத்துவிடுவேன். எட்டு வயதுக் கை வெட்டினால் ஒரு சதுரத்துக்கு 2 மில்லிமீட்டர் கூடக்குறைய வரும். தனியாகப் பார்த்தால் அது ஒன்றுமில்லை. ஆறு சதுரங்களை வரிசையாக வைக்கும்போது 12 மில்லிமீட்டர் வரை ஆகிவிடலாம், கடைசிச் சதுரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். மாலையில் பெரியவர்கள் கத்தரிக்கோலை எடுப்பதற்குக் காரணமே இதுதான். முதலிலேயே அளவைச் சரியாகக் கொடுத்துவிட்டால் பிறகு பிள்ளையின் வேலையில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை.

அடர்நிறம் வெளிர்நிறம் என்பதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் தூரத்திலிருந்து வடிவத்தைக் காட்டுவது அதுதான். சிவப்பும் பச்சையும் வேறு வேறு நிறங்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் நல்ல சிவப்பையும் நல்ல பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள். பல நேரம் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள், போனை வாங்கித் தாங்களே எடுத்துப் பார்ப்பார்கள். இதற்காக ஒரு வகுப்பு முழுக்கப் போனாலும் பரவாயில்லை. அதன்பிறகு தாள் பொறுக்கும்போது ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைச் சுருக்கிப் பார்த்து எடுப்பார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

மூலைவிட்டத்துக்குத் தாளை மடிப்பது சுலபம். எதிரெதிர் மூலைகளைச் சேர்த்துப் பிடித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும். மூலையிலிருந்து தொடங்கினால் தாள் நழுவிவிடும். பசைக்குச்சி போதும். தண்ணீர்ப் பசையைத் தடவினால் தாள் ஈரத்தை வாங்கி உப்பிக்கொள்ளும், காய்ந்த பிறகு ஓரம் சுருண்டு நிற்கும். இன்னொன்று, சதுரத்தின் பின்னால் பெயர் எழுதச் சொல்வேன், ஆனால் மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போடச் சொல்லமாட்டேன். பல ஆசிரியர்கள் முதலில் செய்வது அந்த அம்புக்குறிதான். அது இல்லாததால் என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தரையில் விரித்தபோது

நான்காம் வகுப்பு, முப்பத்தாறு பிள்ளைகள், முப்பத்தாறு சதுரங்கள். கூடத்தில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஆறுக்கு ஆறு கட்டம் போட்டிருந்தேன். அவரவர் சதுரத்தை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்றதும் சிநேகிதர்கள் பக்கம் பக்கமாக வைத்தார்கள். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாலு நாலு பேராக பெஞ்சின் மேல் ஏறி நின்று பார்த்தார்கள். நிறம் நிறமாக இருந்தது, ஆனால் ஒரு வடிவமும் தெரியவில்லை. முன்தினம் லாக் கேபின் என்ற வகைக் குவில்ட்களின் படங்களைக் காட்டியிருந்தேன். நடுவில் ஒரு சிறு சதுரம், அதைச் சுற்றிப் பட்டைகள், இரண்டு பக்கம் வெளிர்நிறம், இரண்டு பக்கம் அடர்நிறம். அதனால் ஒவ்வொரு சதுரமும் மூலைவாக்கில் பாதி வெளிச்சம் பாதி இருட்டாகப் பிரிந்து நிற்கும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்க வைத்தால் உழுத நிலம் மாதிரி சாய்வான பட்டைகள் வரும், அதை நேர்சால் என்பார்கள். நாலு கால்பகுதிகளாகப் பிரித்து எதிரெதிர் பார்க்க வைத்தால் ஒன்றுக்குள் ஒன்றாகச் சாய்சதுரங்கள் விரியும், அதற்குக் 'களஞ்சியம் எழுப்புதல்' என்று பெயர். சதுரம் அதேதான், அடுக்கும் முறை மாறினால் குவில்ட்டின் பெயரே மாறிவிடுகிறது. பிள்ளைகளுக்கு அந்த ஒன்றுக்குள் ஒன்றான சாய்சதுரம்தான் வேண்டும்.

சச்சரவு அங்கேதான் தொடங்கியது. வடிவம் வேண்டுமென்றால் நீலங்களை நடுவில் கொண்டுவர வேண்டும் என்று ஒரு கட்சி. அப்படியென்றால் சிநேகிதிகள் பிரிய வேண்டும். ஒரு சிறுமி தன் சதுரத்தின் மேல் உள்ளங்கையை ஊன்றி, "இது இங்கதான் இருக்கும்" என்று உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துச் சதுரம் அவளுடைய தோழியுடையது. இருவரும் பேசிவைத்து ஒரே மஞ்சள் தாளை ஆளுக்குப் பாதி எடுத்திருந்தார்கள். மறுபக்கத்தில் ஒருவன், படம் கெட்டுப்போகும், உனக்காக எல்லாரும் விட்டுக்கொடுக்க முடியுமா என்று கத்தினான். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. யாரோடு இருக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி, எப்படித் தெரிய வேண்டும் என்பது இன்னொன்று. பெரியவர்கள் மாலையில் அடுக்கினால் முதல் கேள்வி எழவே எழாது, அவர்களுக்கு இரண்டாவது மட்டும்தான் தெரியும்.

நான் வாயைத் திறக்கவில்லை. அதிகம் பேசாத ஒரு பையன் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். அவன் தன் சதுரத்தைக் கால் சுற்றுத் திருப்பினான். கொஞ்சம் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவனிடம் கேட்டு அவனுடையதையும் திருப்பினான். இரண்டு அடர் முக்கோணங்களும் விளிம்போடு விளிம்பு சேர்ந்து ஒரு மலை மாதிரி நின்றன. "டீச்சர், யாரும் இடம் மாற வேணாம். திருப்பினாலே போதும்" என்றான். ஒரு நிமிடம் கூடம் அமைதியானது. அப்புறம் முப்பத்தாறு பேரும் ஒரே நேரத்தில் தரையில் விழுந்து திருப்ப ஆரம்பித்தார்கள்.

அவன் கண்டுபிடித்தது சாதாரண விஷயமில்லை. 1704-இல் செபாஸ்தியான் த்ரூஷே என்ற பிரெஞ்சுத் துறவி, மூலைவிட்டத்தால் இரண்டு நிறமாகப் பிரிந்த தரை ஓடுகளைப் பார்த்துவிட்டு, அவற்றை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று ஆராய்ந்து ஒரு கட்டுரையே எழுதினார். ஒரு சதுரத்தை நாலு விதமாகத் திருப்பி வைக்கலாம். நாலு சதுரங்கள் இருந்தால், இடத்தை மாற்றாமலே, 256 விதம். பதினாறு சதுரங்கள் என்றால் 429 கோடிக்கும் மேல். இடம் மாறாமல் இத்தனை வடிவங்கள் சாத்தியம் என்று நான் முதலிலேயே பலகையில் எழுதிப் போட்டிருந்தால் பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டு மறந்திருப்பார்கள். சண்டை போட்டு, வழி தெரியாமல் நின்று, அப்புறம் கிடைத்ததால் அது அவர்களுக்குச் சொந்தமாகிவிட்டது. நாலு சதுரக் கணக்கை அவர்களே பிறகு தாளில் வரைந்து பார்த்தார்கள்.

பறவை

சாய்சதுரம் கிட்டத்தட்ட முழுசாக வந்துவிட்டது. இடது மேல் கால்பகுதியில் ஒரு சிறுமியின் சதுரம் மட்டும் திரும்பவில்லை. அதன் வெளிர்நிறப் பாதியில் ஒரு சின்னப் பறவை. ஆரஞ்சு நிறத் தாளில் வெட்டியது, இறக்கைக்குத் தனியாக ஒரு துண்டு, அதன் விளிம்பு இறகு மாதிரி தெரிய வேண்டும் என்று கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்கியிருந்தாள், கண்ணுக்குப் பேனாவால் ஒரு புள்ளி. வடிவம் சேர வேண்டுமென்றால் சதுரத்தை அரைச் சுற்றுத் திருப்ப வேண்டும், பறவை தலைகீழாகிவிடும். "என் பறவை தலைகீழாத் தொங்காது" என்றாள். அழுகை இல்லை, கோபமும் இல்லை, நிலவரத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

பறவையைப் பிய்த்துத் திருப்பி ஒட்டலாம் என்று ஒருவன் சொன்னான். பசை காய்ந்திருந்தது, பிய்த்தால் இறக்கை கிழியும் என்று அவள் காட்டினாள். அடுத்தது எனக்கே தோன்றாத யோசனை. மற்ற எல்லாச் சதுரத்தையும் அரைச் சுற்றுத் திருப்பிவிடலாம், இருட்டு இருந்த இடத்தில் வெளிச்சம் வரும், சாய்சதுரம் அப்படியே இருக்கும், பறவையும் நேராக நிற்கும். முழுக்கச் சரியான யோசனை அது. உடனே வலது பக்கத்திலிருந்து ஒரு குரல், "அப்போ என் படகு கவிழ்ந்துடும்." அவன் சதுரத்தில் ஒரு பாய்மரப் படகு. இப்போது நேராக இருந்தது.

அதன்பிறகு நடந்த பேச்சைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஓட்டுப் போடலாம் என்றார்கள், பிறகு அவர்களே வேண்டாம் என்றார்கள். முப்பத்துநாலு பேருக்குத் தலைகீழாக ஒன்றுமில்லை, அவர்கள் ஓட்டுப் போட்டு இரண்டு பேர் படத்தில் ஒன்றைக் கவிழ்ப்பது சரியில்லை என்று ஒரு பெண் சொன்னாள். கடைசியில் யாரும் அறிவிக்காமலே முடிவு வந்தது. படகு அப்படியே இருந்தது. பறவையும் அப்படியே இருந்தது. சாய்சதுரத்தின் ஒரு கோடு அந்த இடத்தில் முறிந்தது.

அன்று மாலை கூடத்தில் நான் தனியாக இருந்தபோது அந்தச் சதுரத்தைத் திருப்பத் தோன்றாமலில்லை. ஒரு விரல் போதும், வடிவம் முழுசாகிவிடும், மறுநாள் பாதிப் பேர் கவனிக்கக்கூட மாட்டார்கள். தொடாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். கீஸ் பெண்ட் குவில்ட்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த முறிவு அழகாகத்தான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அலபாமா ஆறு வளைந்து ஓடும் இடத்தில் உள்ள சிறிய கறுப்பினக் கிராமம் கீஸ் பெண்ட். அங்குள்ள பெண்கள் பழைய வேலைச் சட்டைகளிலும் கால்சட்டைகளிலும் தைத்த போர்வைகளை 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் சுவரில் மாட்டியது, 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை தபால்தலைகளாக வெளியிட்டது. அவற்றில் பட்டைகள் ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும், சட்டென்று ஒரு இடத்தில் அகலம் மாறும், திசை மாறும். முழங்காலில் வெளுத்துப்போன துணி அந்த வெளுப்போடே இருக்கும். கையில் இருந்த துணியும் தைத்தவரின் முடிவும் இரண்டும் அதில் தெரியும்.

மாட்டிய பிறகு

கறுப்புச் சார்ட் தாள்களைப் பின்பக்கமாக டேப் போட்டு இணைத்து, சதுரங்களுக்கு நடுவில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டினோம். குவில்ட்டில் சதுரங்களுக்கு நடுவே தைக்கும் பட்டை செய்கிற வேலையை அந்தக் கறுப்புக் கோடு செய்கிறது. சதுரம் கொஞ்சம் சாய்ந்து ஒட்டியிருந்தாலும் கண் அதைப் பொருட்படுத்தாது. இடைவெளிக்கு ஸ்கேல் தேவையில்லை, ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டிய அட்டைத் துண்டை நடுவில் வைத்து ஒட்டிவிட்டு உருவிக்கொண்டால் போதும், பிள்ளைகளே செய்துவிடுவார்கள். பசையை நாலு மூலையில் மட்டும் வைத்தோம், கழற்றும்போது அவரவர் சதுரம் கிழியாமல் வர வேண்டுமே.

பார்க்க வந்த பெரியவர்களில் பலர் அந்தப் பறவையைக் காட்டி, இது தவறிப்போய் மாற்றி ஒட்டிவிட்டதா என்று கேட்டார்கள். பக்கத்தில் எந்தப் பிள்ளை நின்றாலும் பதில் வந்தது. பறவையின் சொந்தக்காரி இருக்க வேண்டியதே இல்லை. யார் சதுரத்தின் பக்கத்தில் யார் சதுரம், யார் திருப்பினார்கள், படகுக்காரன் என்ன சொன்னான் என்று எல்லாமே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

உடன் பணிபுரியும் ஒருவர் இதை ஒத்துக்கொள்வதில்லை. அவர் சொல்வதில் கனமான விஷயம் நேரம். நாற்பது நிமிட வகுப்பில் சண்டைக்கெல்லாம் இடம் கொடுத்தால் வேலை எப்போது முடியும் என்கிறார். நேரம் போதவில்லை என்றால் சதுரம் செய்வதில் குறைக்கலாம் என்பது என் பதில். அலங்காரம் இரண்டு வகுப்புக்கு இழுக்கிறது என்றால் ஒன்றில் முடிக்கலாம், தாள்களை முன்பே நறுக்கி வைக்கலாம், மடிப்பைக்கூட விட்டுவிட்டு முக்கோணமாகவே கொடுக்கலாம். அடுக்குவதை மட்டும் பிள்ளைகளிடமிருந்து வாங்கிக்கொள்ளக் கூடாது. ஆறு வயதுப் பிள்ளைகளால் முப்பத்தாறு சதுரங்களைச் சமாளிக்க முடியாது என்று அவர் சொல்வது உண்மைதான். அவர்களுக்கு முப்பத்தாறு தேவையுமில்லை. நாலு பேர், நாலு சதுரம், 256 வாய்ப்பு, நடுவில் யாராவது ஒருவருடைய பூனை தலைகீழாகும். அவர்கள் பேசி முடித்ததை அப்படியே ஒட்டி, ஒன்பது குழுக்களின் தாள்களைச் சுவரில் சேர்த்து மாட்டினால் அதுவும் ஆறுக்கு ஆறுதான். வரும் பருவத்தில் முதல் வகுப்போடு இப்படிச் செய்வதாக இருக்கிறேன். அவரையும் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன், சதுரங்களைத் தொடாமல்.